பௌர்ணமி அன்று ஓட்டிக் காட்டுங்கள்

செங்கம் சாலையில் என் தம்பி நடத்தும் சின்ன விடுதியில் நான் வளையல் விற்ற பணமும் இருக்கிறது. அதனால் இன்று புக்கிங் சாஃப்ட்வேர் வாங்கும் பேச்சில் நானும் உட்கார்ந்தேன்.

இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவருடையது முழுக்க இணையத்தில் ஓடும், பார்க்கவும் அழகு. இரண்டாமவருடையது நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், இணையம் தேவையில்லை; ஆனால் நிறம்கூட மங்கல். தம்பி முதலாவதிலேயே மயங்கிவிட்டான்.

"பௌர்ணமி சாயங்காலம் வந்து ஓட்டிக் காட்டுங்க" என்றேன்.

முதலாமவர் சிரித்தார். "அன்னிக்கு வேணாங்க்கா. கிரிவலக் கூட்டத்துல டவரே கிடைக்காது."

"எங்க ரூமெல்லாம் நிறையறதே அன்னிக்குத்தாங்க. ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் குடுத்துட்டா யாரு பதில் சொல்றது?"

இரண்டாமவர், "நான் வர்றேங்க. அன்னிக்கு பஸ்ஸை ஊருக்குள்ள விடமாட்டாங்க, நடந்து வர லேட்டாவும்" என்றார்.

தம்பி என் காதில், "இந்தக் காலத்துல போய் இதை வாங்கணுமாக்கா?" என்றான்.

"ஓடினா வாங்குவோம்டா. ஓடலன்னா ரூம் கணக்கு எழுதற நோட்டு இருக்கு."

பௌர்ணமி அன்று அண்ணாமலையாரை நம்பி மலையைச் சுற்றிவிடுவேன். டவரை நம்பி என் பணத்தை விடமாட்டேன்.

இங்கே விடுதி நடத்துகிறவர்களே, அன்று உங்களுக்கு எது ஓடுகிறது?