அத்தாயி வீட்டு வடக்குச் சுவர்

அத்தாயி யாரையும் லேசில் நம்பமாட்டாள். சந்தையில் உப்பு வாங்கினாலும் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் முந்தானையை விரிப்பாள். மலைமேல் நாலைந்து ஊர் சேர்ந்த பெரக்கரை நாட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. ஆனால் அவள் புது வீடு கட்டும்போது சுவரைச் சோதிக்க வெளியாள் ஒருத்தியைக் கூப்பிடப் போகிறாள் என்று தெரிந்ததும் யாரும் சிரிக்கவில்லை. அதற்கான காரணம் ஊருக்கே தெரியும்.

போன ஐப்பசி அடைமழையில் அவளுடைய பழைய வீட்டின் அடுப்படிச் சுவர் விழுந்துவிட்டது. காய்ச்சலில் போய்ச் சேர்ந்த அவள் புருஷன் தன் காலாலேயே மண் மிதித்து எழுப்பிய சுவர் அது. விழுந்தபோது மகள் கண்ணாயி அதன் பக்கத்தில் உட்கார்ந்து ராகி திரித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதுப் பெண்ணின் இடது கால் மண்ணுக்கடியில் மாட்டிக்கொண்டது. உயிர் தப்பியது, கால் விந்தலாகி நொண்டி நடக்கும்படி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் சுவர் பக்கம் உட்காரமாட்டாள். வாசலை ஒட்டியே படுப்பாள். மறுபடியும் ஒரு சுவர் அந்தப் பிள்ளை மேல் விழக்கூடாது என்பதைத் தவிர அத்தாயிக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே இல்லை.

மலைக்கு அப்போது ரோடு கிடையாது. அத்தாயியின் அண்ணன் வெள்ளையன் அடிவாரத்துக்கு நடந்துபோய் மாதேஸ்வரன் என்ற கொத்தனாரைக் கூட்டிவந்தான். தூக்குக்குண்டும் கரணையும் ஒரு பையில், மாற்று வேட்டி இன்னொரு பையில். அதிகம் பேசாத மனுஷன். தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினார். இரண்டு ஆட்களோடு ஒரு வரிசை மண் வைப்பார், காயவிடுவார், அடுத்த வரிசை வைப்பார். சுவர் நெஞ்சு உயரம் வந்தபோதுதான் அத்தாயி எடப்புளி நாட்டுப் பொன்னாயிக்கு ஆள் அனுப்பினாள்.

பொன்னாயி ஊர் ஊராகப் போய்ச் சுவர் பூசுகிறவள். தன் சொந்தக் கொழுந்தன் வீட்டுச் சுவரையே சரியில்லை என்று இடிக்கச் சொன்னவள் என்று சந்தையில் பேச்சு.

வெள்ளையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங் கூட்டியாந்த கொத்தனாரு அம்மிணி. அவரு வேலைய இன்னொருத்தி வந்து நோண்டிப் பாத்தா எம் மூஞ்சி என்னத்துக்கு ஆவும்?"

"உங்க மூஞ்சிக்கு ஒண்ணும் ஆவாதுங்கண்ணா. சொவரு உழுந்தா எம் புள்ள காலுக்குத்தான் ஆவும்."

மாதேஸ்வரனுக்கு முகம் சுண்டிப்போனாலும், "வந்து பாக்கட்டுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

பொன்னாயி இரண்டு படி மிளகைக் கூலியாக முதலிலேயே வாங்கி முடிந்துகொண்டாள். சுவர் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கூலிதான். அத்தாயி களியும் மோரும் எடுத்துவந்தபோது தொடவில்லை. "பாக்கற ஊட்டுல பச்சத் தண்ணி கூடக் குடிக்கமாட்டேன். சோறு உள்ள போனா கண்ணு மசங்கிரும். சொவரு நல்லாருக்குதுன்னு என் வாயால எப்பச் சொல்றனோ, அப்ப ஒக்காந்து திங்கறேன்."

அவள் கையில் இருந்தது ஒரு பழைய குடைக்கம்பி. அதைச் சுவரில் அங்கங்கே குத்துவாள், விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பாள், நகர்வாள். தெற்கு, கிழக்கு, மேற்கு மூன்றிலும் ஒரு குறையும் இல்லை. மாதேஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். வடக்குச் சுவரில் இடுப்பு உயரத்தில் கம்பி நாலு விரல் இறங்கியது. அப்புறம் தடையே இல்லாமல் ஒரு சாண் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. தட்டினால் பானையைத் தட்டுகிற மாதிரி சத்தம்.

"உள்ளுக்குள்ள பொக்கை. இது மழைக்கு நிக்காது" என்றாள் பொன்னாயி.

"பாத்தீங்களாண்ணா" என்று அத்தாயி அண்ணன் பக்கம் திரும்பினாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை மறைப்பானேன்.

மாதேஸ்வரன் கடப்பாரையை எடுத்துத் தன் சுவரைத் தானே உடைத்தார். உள்ளேயிருந்து தேங்காய் அளவில் ஒரு காய்ந்த மண்கட்டி உருண்டு விழுந்தது. புது மண் அதில் ஒட்டவே இல்லை, சுற்றிலும் இடைவெளி விட்டிருந்தது. கட்டியின் ஒரு பக்கம் அடுப்புக்கரி பிடித்துக் கறுத்திருந்தது.

அது எந்த அடுப்படிக் கரி என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது.

பழைய வீட்டு மண்ணில் ஒரு பிடி எடுத்துப் புது வீட்டு மண்ணோடு சேர்ப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். வீட்டுச்சாமி வழி தவறாமல் பின்னாலேயே வந்துவிடும் என்பார்கள். அந்த ஒரு பிடியை மாதேஸ்வரன் முதல் நாளே இடித்துக் கரைத்துச் சேர்த்துவிட்டார். அத்தாயிக்கு அது போதவில்லை. விழுந்த சுவரில் புருஷனின் விரல் பதிந்த கட்டிகளைப் பொறுக்கி வைத்திருந்தாள். இடித்துத் தூளாக்க மனசு வரவில்லை. ஆட்கள் மத்தியானக் கஞ்சிக்கு ஓடைப் பக்கம் போகும்போதெல்லாம் ஒவ்வொரு கட்டியாக முழுசாக உள்ளே வைத்து, மேலே ஈர மண்ணை அப்பி மூடினாள். உப்பை நக்கிப் பார்க்கிறவள் தன் கையை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி கொத்தனார் மேல் போய்விடும். கண்ணாயி தூரத்தில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் வெச்சேன்" என்றாள் அத்தாயி. "கொத்தனாரு மேல தப்பே இல்லீங்க. எம் புள்ளைக்கு நானே குழி தோண்டியிருக்கறேன்."

"எத்தன கட்டி?" என்று கேட்டாள் பொன்னாயி.

"பதினாலு."

"பதினாலையும் எடுத்தாவணும்."

மாதேஸ்வரன் நினைத்திருந்தால் அன்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருந்தா அதுக்கொரு எடம் காட்டியிருப்பனுங்கம்மா. இடிச்சுக் கொழச்சுத் தாங்க, சாமி மேடை கட்டிருவோம். அதும்மேல பாரமும் ஏறாது" என்றார்.

பொன்னாயி வெறும் வயிற்றோடு எடப்புளி நாட்டுக்குத் திரும்பினாள். வடக்குச் சுவரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார்கள். பதினாலு கட்டிகளையும் அத்தாயி உலக்கை போட்டு இடித்தாள். முதல் கட்டி உடைந்தபோது வாய்விட்டு அழுதாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுகை நின்றுபோனது. கண்ணாயி தண்ணீர் ஊற்றி, விந்தல் காலையும் நல்ல காலையும் மாற்றி மாற்றி வைத்து அந்த மண்ணை மிதித்தாள். அப்பன் மிதித்த மண்ணை மகள் மிதிப்பதைப் பார்த்தபோது, போனது முழுக்கப் போய்விடவில்லை என்று அத்தாயிக்குத் தோன்றியது.

பங்குனிக் கடைசியில் பொன்னாயி மறுபடி வந்தாள். வடக்குச் சுவரில் முப்பது இடத்திலாவது கம்பியைக் குத்தினாள். எங்கேயும் விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. தட்டினாள், காது கொடுத்தாள், உள்பக்கம் போய் இன்னொரு தரம் தட்டினாள். கடைசியில் கம்பியை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன ஆக்கியிருக்கறே அம்மிணி?"

அத்தாயி ஒன்றுமே ஆக்கவில்லை. சுவர் தேறும் என்ற நம்பிக்கை இருந்தால்தானே உலை வைப்பாள். மாதேஸ்வரன் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார். அவள் விழுந்தடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்துச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் ஆக்கி இறக்க நடு மத்தியானமாகிவிட்டது.

பொன்னாயி வட்டிலோடு உள்ளே போய், வடக்குச் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். வாசலில் வட்டிலை வைத்துக்கொண்டிருந்த கண்ணாயி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து விந்தி விந்தி உள்ளே வந்தாள். பொன்னாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக முதுகைச் சுவரில் சாய்த்தாள்.

அத்தாயி கையில் கரண்டியோடு அதைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"இன்னொரு கரண்டி ஊத்து அம்மிணி" என்றாள் பொன்னாயி. "இனிமே இங்க பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல."