ரோட்டு பங்களாவின் வடக்கு அறை

இல்லாத ஒரு கட்டடத்துக்கு வரைபடம் போட வேண்டும் என்று என்னிடம் சொன்னபோது எனக்கு இருபத்து நான்கு வயது. எண்பதுகளின் தொடக்கம் அது. போடிநாயக்கனூரில், அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அங்கே நான் ஒருத்திதான் பெண். ராசிங்காபுரத்திலிருந்து காலை பஸ்சில் வந்து, சாயங்கால பஸ்சில் திரும்புவேன்.

அந்தக் கட்டடத்தை ஊரில் ரோட்டு பங்களா என்பார்கள். போடிமெட்டுக்குப் போகும் மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில், ஓடைக்குத் தெற்கே இருந்தது. சாலை போட்ட காலத்தில் அதிகாரிகள் தங்குவதற்காகக் கட்டியது. எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மழையில் பின்சுவர் சரிந்தது. மிச்சத்தையும் இடித்து, கதவு, சன்னல், ஓடு, மரம் எல்லாவற்றையும் ஏலம் விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் ஏலம் என்றால் முதலில் காய்தான் நினைவுக்கு வரும். இது மற்ற ஏலம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை பஸ்சிலிருந்து அந்தப் பங்களாவைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு ஓடும் நீள வராண்டாவும், அதில் காயப்போட்டிருந்த ஒரு பச்சைச் சேலையும் நினைவிருந்தன. வேறொன்றும் இல்லை.

அந்த இடத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரு மருந்தகம் கட்ட உத்தரவு வந்திருந்தது. பக்கத்து நிலம் வேறொரு துறையுடையது. பழைய கட்டடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று வரைபடத்தோடு காட்டினால்தான் எல்லைக்குக் கையெழுத்துப் போட முடியும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். நியாயமான கேள்விதான். எங்களிடம்தான் வரைபடம் இல்லை. கோப்பைத் திறந்தால் கரையான் தின்றது போக ஒரே ஒரு தாள் மிஞ்சியிருந்தது. வர்ணம் பூசுவதற்கான பட்டியல் அது. கதவு ஒன்பது, சன்னல் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது.

என்ஜினீயர் அந்தத் தாளை என்னிடம் கொடுத்து, அஸ்திவாரத்தை அளந்து எப்படியாவது ஒரு படம் போட்டுவிடச் சொன்னார். நல்ல மனிதர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. அதற்குள் அந்த மருந்தகத்தைக் கட்டி முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மனையை மூடியிருந்த உண்ணிச்செடியை இரண்டு நாள் வெட்டச் சொல்லி, கல்வரிசையை வெளியே கொண்டுவந்தேன். பார்த்தால் அது ஒரே தடவையில் கட்டியதாகத் தெரியவில்லை. தெற்குப் பக்கத்து இரண்டு அறைகளுக்கு மண் குழைத்து வைத்த கருங்கல். நடுக்கூடத்துக்குச் சன்னமான பழைய செங்கல்லும் சுண்ணாம்பும். மேற்கிலும் கிழக்கிலும் வராண்டாவுக்குப் பெரிய சூளைச் செங்கல். மூன்று காலத்தில் மூன்று பேர் கட்டியிருக்கிறார்கள். ஆனால் தரையில் கிடக்கிற கல், கதவு எங்கே இருந்தது, சன்னல் எங்கே இருந்தது என்று சொல்லாது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நம்ம அடுப்படிச் சன்னலு எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கே?"

அந்த ஏலத்தில் அவரும் நின்றிருக்கிறார். ஒரு சன்னலை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்து பதித்திருக்கிறார். நான் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவே தெரியாது. எழுந்து போய், புகை படிந்த நிலையைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் உளியால் "கி 3" என்று கொத்தியிருந்தது. கிழக்கு, மூன்றாவது. எந்தச் சட்டம் எந்தச் சுவருக்கு என்று குழம்பாமல் இருக்க, யாரோ ஒரு ஆசாரி திசையும் எண்ணும் போட்டு வைத்திருக்கிறார். நான் சாப்பாட்டுக்குத் திரும்பவில்லை. அம்மாதான் தட்டை எடுத்து மூடிவைத்தாள்.

அதன் பிறகு ஒரு மாதம் நானும் அலுவலக ஜீப்பின் டிரைவர் அண்ணனும் கதவு தேடி அலைந்தோம். ஏலத்தில் யார் யார் எடுத்தார்கள் என்று அப்பா நாலு பேரைச் சொன்னார். அவர்கள் இன்னும் நாலு பேரைச் சொன்னார்கள். சிலமலையில் ஒரு வீட்டு வாசலில் "மே 1" நின்றது. மாட்டுக் கொட்டத்தில் "தெ 2" கிடைத்தது. ஒரு வீட்டில், கதவை ஏன் அளக்கிறீர்கள், திருப்பி வாங்கிக்கொள்ளவா என்று பயந்து, கதவை மூடிவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றார்கள். அண்ணன்தான் பேசிச் சமாதானம் செய்தார். எல்லா இடத்திலும் மோர் கொடுத்தார்கள். நாளுக்கு ஆறேழு சொம்பு மோர் குடித்திருப்பேன். மொத்தம் எட்டுக் கதவும் பத்துச் சன்னலும் கிடைத்தன. கிழக்கு, மேற்கு, தெற்கு எல்லாம் இருந்தன. "வ" என்று ஒன்றும் கிடைக்கவில்லை. வடக்குச் சுவர் வெறும் சுவராக இருந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்து படத்தில் கோடு இழுத்தேன்.

அப்போதுதான் டிரைவர் அண்ணன் ஓர் அக்காவை அழைத்துவந்தார். பங்களாவில் காவல்காரராக இருந்தவரின் மகள். அங்கேயே பிறந்து, கல்யாணமாகும் வரைக்கும் அங்கேயே வளர்ந்தவர். அப்போது நாற்பது வயதிருக்கும். போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கும் வேலை. அவர் வந்து நின்றாலே அலுவலகம் முழுக்க ஏலக்காய் வாசம் அடிக்கும்.

அவருக்கு அடிக்கணக்கு தெரியாது. கழுவின கணக்குத் தெரியும். மேற்கு வராண்டாவைக் கழுவ இரண்டு வாளித் தண்ணீர், கிழக்குக்கு மூன்று வாளி என்றார். போய் அளந்தேன். கிழக்கு வராண்டா மேற்கைப் போல ஒன்றரை மடங்கு நீளம். கூடத்திலிருந்து தெற்கு அறைக்கு இறங்க ஒரு படி உண்டு, இருட்டில் எல்லாரும் அதில் தடுக்குவார்கள் என்றார். அந்தத் தரைமட்ட வித்தியாசத்தை நான் கவனிக்கவே இல்லை. மறுபடி பார்த்தபோது ஐந்து அங்குலம் இருந்தது. கிட்டங்கியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும்போதெல்லாம் என்னைப் பார்க்க வந்துவிடுவார். தூக்குவாளியைத் திறந்து பாதியை எனக்கு வைப்பார். படத்தில் ஒவ்வோர் அறையாக உயிர் வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அவர் வடக்கு அறையைப் பற்றிக் கேட்டார். அது எங்கே என்று. வடக்கே அறை இல்லையே அக்கா என்றேன். இருந்தது, பலகை அறை, ஓடைப் பக்கமாக, என்றார். மலைக்காய்ச்சல் வந்து தோட்டத்திலிருந்து இறங்குகிறவர்களை அங்கேதான் படுக்கவைப்பார்கள். பஸ் வரும் வரை அவருடைய அம்மா கஞ்சி காய்ச்சி ஊற்றுவாராம். நான் அஸ்திவாரத்தைக் காட்டினேன். வடக்குச் சுவருக்கு அப்பால் ஒரு கல்கூட இல்லை. அஸ்திவாரம் இல்லாமல் அறை எப்படி இருந்திருக்கும், நீங்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்கிறீர்கள் என்றேன். படித்த திமிர் அந்தக் குரலில் இருந்திருக்கும். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. படத்தில் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பெறந்தது அந்த ரூம்லதான் தாயி. அது இல்லேன்னா நான் எங்கன பெறந்தேன்?"

தூக்குவாளியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

இது என்ஜினீயர் காதுக்கும் போனது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. வடக்கே ஓர் அறை இருந்திருந்தால் எங்கள் எல்லை ஓடைக்கரை வரைக்கும் போகும். மருந்தகத்துக்குத் தேவையான அகலம் கிடைக்கும். இல்லையென்றால் இரண்டு அறைக்குத்தான் இடம், படுக்கை போட முடியாது. பட்டியலில் ஒன்பது கதவு இருக்கிறது, கிடைத்தது எட்டு, அந்த ஒன்பதாவது கதவு வடக்கு அறையுடையதுதான், போட்டுவிடு என்றார். அது பின்கட்டுக் கதவாகவும் இருக்கலாமே சார் என்றேன்.

"நல்ல காரியத்துக்குத்தானம்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

என்னால் முடியவில்லை. அந்த அக்கா அத்தனை சொல்லியும் போடாமல், இடம் வேண்டும் என்பதற்காகப் போட்டால் நான் யார்? ஒரு வாரம் கொடுங்கள் சார் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, சரி, ஒரு வாரம், என்றார்.

நாங்கள் பார்க்காதது கூரை ஒன்றுதான். கூரை மரம் முழுவதையும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டக்காரர் எடுத்துப்போய், காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போட்டிருந்தார். மறுநாள் காலையில் ஏறினோம். தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் ஜீப்புகள் முன்னாலும் பின்னாலும். பின்படியில் தொங்கிக்கொண்டு வந்த பெண்கள் எங்கள் காலி ஜீப்பைப் பார்த்துக் கையாட்டினார்கள். அண்ணன் நிறுத்தி ஆறு பேரை ஏற்றிக்கொண்டார். அரசு வண்டியில் ஏற்றக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டோரில் அனல் அடித்தது. தோட்டத்து மேற்பார்வையாளர் பாதி மலையாளத்தில், "சாரம் கெட்டித் தராம், சூக்ஷிச்சு கேறணும் சிஸ்டர்," என்றார். பார்த்து ஏறச் சொல்கிறார் என்று புரிந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினேன். உத்தரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். வடகோடியிலிருந்து வந்த உத்தரம் என்று நான் கணக்குப் போட்டிருந்த மரத்தில் கை வைத்தபோது, விரல் ஒரு பொந்துக்குள் போனது. சதுரப் பொந்து. இன்னொரு மரம் வந்து பூட்டுவதற்கு வெட்டியது. வெளிப்பக்கத்தில், ஒரே இடைவெளியில், நான்கு பொந்துகள். ஒவ்வொன்றின் தலையிலும் "வ 1", "வ 2", "வ 3", "வ 4".

மேலேயே உட்கார்ந்து இடைவெளிகளை இரண்டு தடவை அளந்து எழுதினேன். அண்ணன் கீழிருந்து என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது நேரே கிட்டங்கிக்குப் போனோம். வரிசையாகப் பெண்கள் சுளகு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, சோலி கிடக்கு என்று குனிந்துகொண்டார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் சொன்னது தப்பு அக்கா என்றேன். பொந்துகளைப் பற்றிச் சொன்னேன். அவர் கை நின்றது. கணக்கப்பிள்ளையிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினார்.

வழியில் சாலைப் பணியாளர்கள் இருவரைக் கடப்பாரையோடு ஏற்றிக்கொண்டு பங்களா மனைக்குப் போனோம். வடக்குச் சுவரின் கல்வரிசையில் உத்தரத்தின் இடைவெளிகளைக் குறித்தேன். அங்கிருந்து வடக்கே எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. அக்காவைக் கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் முதுகை வைத்து, கட்டில் அகலத்துக்கு ஒன்று, நடக்க வழி, இன்னொரு கட்டில் என்று அடி எடுத்து வைத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார்.

"இங்கன தோண்டச் சொல்லு."

ஒன்றரை அடி ஆழத்தில் கடப்பாரை டங்கென்றது. தட்டைக் கருங்கல், சுற்றிலும் சுண்ணாம்புக் காரை. மேலே தூண் உட்கார நடுவில் ஒரு குழி. என் குறிப்புப்படி பக்கத்தில் தோண்டினால் அடுத்தது. நான்கும் கிடைத்தன. அறைக்குக் கல்சுவரும் இல்லை, அஸ்திவாரமும் இல்லை. ஓடை வெள்ளம் அடியில் போவதற்காகக் கல்மேல் தூண் நிறுத்திப் பலகை அடித்திருக்கிறார்கள். அக்கா அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணில் உட்கார்ந்துகொண்டார். பிறகு அவர், தன் அம்மாவின் கட்டில் எந்தப் பக்கம் கிடந்தது என்று பணியாளர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அவர்களும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கேட்டார்கள்.

ஆறு நாளில் படத்தை டிரேசிங் தாளில் மையால் போட்டு முடித்தேன். கட்டடத்தின் நான்கு காலங்களுக்கு நான்கு விதக் கோடுகள். பிரின்ட் எடுப்பதற்கு முன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆள்காட்டி விரலைத் தாளில் படாமல் பிடித்துக்கொண்டு, கிழக்கு வராண்டாவில் ஏறி, கூடத்தைக் கடந்து, வடக்கு அறைக்குள் போனார். அங்கே விரல் நின்றுவிட்டது.

"இந்தக் கதவு உள்ள தொறக்காது. கட்டில்ல இடிக்கும். வெளிய தொறக்கும்."

கதவு திறக்கும் பக்கத்தைக் காட்டும் கால்வட்டக் கோட்டைச் சவர பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, வெளிப்பக்கமாகப் போட்டேன். அவர் குனிந்து மை காய்கிறதா என்று ஊதினார்.

படத்தோடு ஒரு குறிப்பும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஆதாரம் என்ன என்று எழுதினேன்: கல்வரிசை, செங்கல் அளவு, ஆசாரி குறி. வடக்கு அறைக்கு, உத்தரத்துப் பொந்துகளையும் நான்கு கற்களையும் எழுதிவிட்டு, "அந்த அறையில் பிறந்தவரின் வாக்குமூலம்" என்றும் சேர்த்தேன். என்ஜினீயர் அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு சற்று யோசித்தார். அடிக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார். பக்கத்துத் துறையிலிருந்து இருவர் வந்து கற்களைப் பார்த்துவிட்டு, ஓடைக்கரை வரை எல்லைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். மருந்தகத்தின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதும் அந்த மாதம்தான். அக்கா முதல் பஸ்சில் ராசிங்காபுரம் வந்து இறங்கி, யாரையும் கேட்காமல் நேரே சமையல் நடக்கிற கொட்டகைக்குப் போய்விட்டார். பாயசத்துக்கு வைத்திருந்த ஏலக்காயை மோந்து பார்த்துவிட்டு, இது போன வருசத்துக் காய் என்று ஒதுக்கினாராம். முந்தியில் முடிந்து கொண்டுவந்திருந்த புதுக் காயை அவரே உரித்து, அவரே தட்டி, பாயசக் கொப்பரை பக்கத்திலேயே நின்று போட்டார். தாலி கட்டும்போது கூட்டத்தில் அவரைத் தேடினேன். காணவில்லை. சமையல்காரரை நம்பிக் கொப்பரையை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.