பதினேழாம் நம்பர்

இதைக் கதை என்று சொன்னால் ஜம்புலிங்கம் சண்டைக்கே வந்துவிடுவான். நடந்தது அவனுக்கு. 1968, மார்ச் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. அதுவும் பட்டப்பகலில்.

அந்தமானில் ரங்கத்துக்கு மேலே, காட்டிலாகாவின் மரம் வெட்டும் முகாம். மரம் உருண்டு அவன் கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு படுத்துக் கிடந்ததில் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைத்து வந்தான். "கட்டி கரைஞ்சாலும் வலி மாசக்கணக்கா இருக்கும். பயப்படாம மூச்ச இழுத்து விடணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இழுத்தால் இடது விலாவில் ஊசி குத்தியது. ஆனாலும் இழுத்தான். வெள்ளிக்கிழமைக் கப்பலில் மனைவி விசாலாட்சி கைக்குழந்தையோடு வருகிறாள். மகள் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் சாக அவனுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் காட்டுக்குப் போயிருந்தார்கள்; முகாம் கொட்டகையில் அவன் மட்டும். டைம்பீஸில் மணி இரண்டு இருபது. வெளியே தண்டவாளத் துண்டை யாரோ அடித்தார்கள். டங்... டங்... காலை ஆறு மணிக்கு ஆள் கணக்கு எடுக்க அடிப்பது அது. கணக்கெழுதும் முன்ஷி இந்தியில் நம்பரைக் கூப்பிடுவார். ஆள் "ஹாஜிர்" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று தடவைதான் கூப்பிடுவார்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். ஈ காக்கை இல்லை.

"ஏக்..."

"ஹாஜிர்."

குரல் மட்டும் கேட்டது. நம்பர் ஏற ஏற நெஞ்சுவலியும் ஏறியது.

"சோலா..." பதினாறு.

"ஹாஜிர்."

அது சண்முகத்தின் குரல். போன ஐப்பசியில் சண்முகத்தின் சிதைக்கு விறகு அடுக்கியதே ஜம்புலிங்கம்தான்.

"சத்ரா... ஜம்புலிங்கம்!" பதினேழு.

வாய் தானாகத் திறந்தது. ஆறு வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சத்ரா... ஜம்புலிங்கம்!"

மூச்சு நின்றது...

மூன்றாவது முறை. வாசலிலேயே.

பயம் போய் அவனுக்குக் கோபம் வந்தது.

"எவன்டா அவன்? என் நம்பர் நாப்பத்திமூணு! பதினேழு நான் இல்ல! ரெஜிஸ்டர ஒழுங்காப் பாரு!"



பிறகு காகிதம் புரளும் சத்தம். சரக்... சரக்...

மணி இரண்டு முப்பத்தேழு. மூச்சு உள்ளே போனது. வலித்தது. வலித்தால் என்ன, போனதே!

சாயங்காலம் முன்ஷி பக்தவத்சலத்திடம் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே பூட்டிய பெட்டியைத் திறந்து, முகாமில் இறந்தவர்களின் ரெஜிஸ்டரை எடுத்தார். பதினாறு பெயர்கள். பதினாறாவது சண்முகம். அதற்கும் கீழே, பதினேழாவது வரியில், ஜம்புலிங்கம். அன்றைய தேதி. நேரம் 2.37. எதிரே சிவப்பு மையில், 'நம்பர் சரிபார்க்கவும்.'

"எழுத்து என்னுதுதான்..." முன்ஷி மையைத் தொட்டுப் பார்த்தார். "ஆனா நான் எழுதலப்பா."

ஜம்புலிங்கம் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பாக்கட்டும் முன்ஷிஜி. கவர்மென்ட் வேலதானே? சரிபார்க்க அம்பது வருஷமாவது ஆகும்."