நாற்பதும் ஐந்தும்

சுகுமாறன் பதினெட்டு ஆண்டுகளாக இரும்பை இடித்துக்கொண்டிருக்கிறார். இதுவரை அவர் கையில் ஒரு கீறல் விழுந்ததில்லை, இரும்பிலும்தான். இடிப்பதெல்லாம் பெட்டாலிங் ஜெயாவில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், குளிரூட்டிய அறையில், கணினிக்குள். பஸ்ஸோ லோரியோ வேகமாக மோதினால் அதன் எஃகு எவ்வளவு வளையும், எங்கே கிழியும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. கிள்ளானில் கல்யாண வீடுகளில் உறவினர்கள் இதைக் கேட்டுவிட்டு, இடித்தால் நசுங்கும், இதற்குப் போயா சம்பளம் கொடுக்கிறார்கள் என்பார்கள். அவர் பொறுமையாகச் சிரிப்பார். படித்தவர்கள் படிக்காதவர்களிடம் காட்டும் அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உண்மையில் அது சாமானிய வித்தை இல்லை. எஃகை மெல்ல இழுத்தால் ஒரு மாதிரி வளைந்து கொடுக்கும், படீரென்று அடித்தால் வேறு மாதிரி. அடி வேகமாக விழ விழ அது முரண்டு பிடிக்கும். எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று கணினிக்குச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். சுகுமாறனின் எண்கள் நாற்பதும் ஐந்தும். கார் கதவுக்கும் அதே எண்கள்தான், லோரித் தடுப்புக்கும் அதே எண்கள்தான். எந்த எஃகு வந்தாலும் அதன் நெற்றியில் விபூதி பூசுகிற மாதிரி அந்த இரண்டையும் பூசி உள்ளே அனுப்பிவிடுவார்.

நிறம் பற்றியும் அந்த அலுவலகத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. கணக்கு முடிந்ததும் கணினி ஒரு படம் வரையும். பத்திரமான இடம் நீலம், ஆபத்தான இடம் சிவப்பு. முதலாளி லட்சுமணனுக்குச் சிவப்பு ஆகாது. வாடிக்கையாளர் மிரண்டுவிடுவாராம். படத்தின் ஓரத்தில் இருக்கும் அளவுகோலில் உச்ச வரம்பை ஏற்றிவிட்டால் சிவப்பெல்லாம் பச்சையாகி, பச்சையெல்லாம் நீலமாகிவிடும். எஃகு ஒரு மயிரிழையும் மாறாது. ஆனால் பில் போகும்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அமுதவள்ளி வந்து சேர்ந்தாள். திருச்சிக்காரி, வேலை விசாவில் மலேசியா வந்தவள். அங்கே ஒரு பரிசோதனைக்கூடத்தில் நான்கு வருடம் எஃகுத் துண்டுகளை நிஜமாகவே அடித்து உடைத்தவள். வந்த மூன்றாம் வாரம், கிள்ளான் பட்டறை ஒன்று கட்டிய தொழிற்சாலை பஸ்ஸின் கோப்பைத் திறந்து பார்த்தாள். பக்கவாட்டில் லோரி மோதினால் தூண் எவ்வளவு உள்ளே வரும் என்ற கணக்கு அது. சுகுமாறன் கையெழுத்துப் போட்டு அனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"சார், இந்த நாப்பதும் அஞ்சும் எந்த டெஸ்ட்ல வந்துச்சு?"

சுகுமாறன் சிரித்தார். அதே பொறுமைச் சிரிப்புதான். எல்லாரும் போடுகிற எண் அது என்றார். அவள் விடவில்லை. அது சாதா இரும்புக்கான எண், சார். இந்தத் தூண் உயர்ரக எஃகு. வேகமாக அடித்தால் சாதா இரும்புக்குப் பலம் இரண்டு மடங்குகூட ஏறும், இதற்கு அவ்வளவு ஏறாது. இல்லாத பலத்தை நாம் இதற்குக் கொடுத்திருக்கிறோம் என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் அவரை அதிகம் எரிச்சல்படுத்தியது.

எண் எங்கிருந்து வந்தது என்று நிரூபித்துக் காட்டுவதற்காகவே, முன்பு அங்கே வேலை பார்த்துவிட்டு இப்போது சிங்கப்பூரில் இருக்கும் குரு என்பவனுக்கு வாட்ஸப் அனுப்பினார். அவனுடைய பழைய கோப்பிலிருந்து எடுத்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "பாஸ், அது உங்க ஃபைல்ல இருந்து நான் எடுத்ததுலா."

பதினெட்டு ஆண்டு நிபுணத்துவம் ஒரு வட்டம் சுற்றி அவர் மடியிலேயே வந்து விழுந்தது. அன்று மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. அமுதவள்ளி கொடுத்த எண்களைப் போட்டுக் கணக்கை ஓட்டினார். தூண் மடங்கி உள்ளே வந்தது. வலப்பக்கம் மூன்றாவது வரிசையில், ஒரு மனுஷியின் விலா எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. படம் முழுக்கச் சிவப்பு. லட்சுமணன் எட்டிப் பார்த்தார், அளவுகோலைப் பார்த்தார், வழக்கமானதைச் சொன்னார். சுகுமாறனும் வழக்கமானதைச் செய்தார். உச்ச வரம்பை ஏற்றிப் படத்தை நீலமாக்கினார்; அனுப்பிய அறிக்கை அனுப்பியபடியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் பாசாரில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி தாமரை, நாளையிலிருந்து புது பஸ் என்று சந்தோஷமாகச் சொன்னாள். பந்திங் பக்கம் இருக்கும் கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. ஏர்கான் உண்டாம், சீட்டெல்லாம் மெத்தென்று இருக்குமாம். பஸ் கட்டியது யார் என்று சுகுமாறன் கேட்டார். அவள் அதே பட்டறையின் பெயரைச் சொன்னாள். அவர் கையில் இருந்த வெண்டைக்காய் ஒடிந்தது.

"தாமரை, வலது பக்கம் மூணாவது வரிசைல மட்டும் உக்காராத."

ஏன் என்று அவள் கேட்டாள். அவர் எஃகு, வேகம், எண் என்று சுற்றி வளைத்தார். மூன்று வாக்கியத்தில் அவளுக்கு முழுதும் விளங்கிவிட்டது.

"பழைய பஸ்ல அது வீரம்மாக்கா சீட்டுங்க. அங்க ஜன்னலோரம் உக்காந்தாத்தான் அவங்களுக்கு வாந்தி வராது. புது பஸ்லயும் அங்கதான் உக்காருவாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"அவங்களுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்."

தவறான எண்ணைப் போட்டதை மன்னிக்கலாம். உலகமே போடுகிறது. இந்த ஒரு வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. தாமரையாலும் முடியவில்லை. அவள் வெண்டைக்காய்க்குக் காசு கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

திங்கள் காலை பஸ் நிறுத்தத்தில் அவள் வீரம்மாவிடம் சொன்னாள். வீரம்மா வரிசையில் நின்ற எல்லாரிடமும் சொன்னாள். கணக்குப் போட்டவரே தன் பொண்டாட்டியை உட்கார வேண்டாம் என்றாராம் என்ற செய்திக்கு வரைபடம் எதுவும் தேவைப்படவில்லை. முப்பத்தெட்டுப் பெண்கள் ஏறமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். டிரைவர் கெஞ்சிப் பார்த்தார், ஏர்கானைப் போட்டுக் காட்டினார். கடைசியில் பழைய பஸ் வந்துதான் அவர்களை ஏற்றிப் போனது.

மறுநாள் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி ஹலீமா பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்தார். அறிக்கையை மேசைமேல் விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் நீலம். லட்சுமணன் அரை மணி நேரம் பேசினார். பெண்கள் வதந்தியை நம்புகிறவர்கள் என்றார், அறிவியல் வேறு பயம் வேறு என்றார். ஹலீமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுகுமாறன் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் சுகு, கையெழுத்து உங்களோடதுதானே? நாளைக்கு அந்த சீட்ல உங்க சம்சாரத்த உக்கார வைப்பீங்களா?"

மேசைக்கு அடியில் லட்சுமணனின் சப்பாத்து அவர் காலை அழுத்தியது. ஒரு மனிதனுக்கு மானம் போவதானால் போகட்டும் என்று தோன்றும் நேரம் ஒன்று வரும். சுகுமாறனுக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

"மாட்டேன் மேடம். வீரம்மாக்காவையும் உக்கார வைக்காதீங்க."

ஹலீமா அறிக்கையை மூடி, சுகுமாறன் பக்கமாகவே திருப்பித் தள்ளிவைத்தார்.