எலெக்ட்ரோடுக்கு வைத்த பொட்டு

தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டருக்கு முகம் எது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் தயங்காமல் சொல்வேன்: தண்ணீரில் முக்கும் எலெக்ட்ரோடின் நுனியில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் குமிழ். இந்தத் தெளிவினால்தான் ஒரு திங்கட்கிழமை காலையில், ஓர் அக்காவின் பன்னிரண்டு வருட உழைப்பைத் தொட்டியில் கழுவி ஊற்றப் பார்த்தேன்.

எங்கள் சோதனைக்கூடம் ஈப்போவுக்கு வெளியே ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருக்கிறது. வருவதெல்லாம் தண்ணீர்தான். சுங்கை சிப்புட் பக்கத்து ஆலைகளின் கழிவுநீர், கோப்பெங்கில் வெள்ளீயம் தோண்டிவிட்டுப்போன குட்டைகளில் மீன் வளர்ப்பவர்கள் கொண்டுவரும் பச்சைத் தண்ணீர், தோட்டத்துக் குடியிருப்புகளில் மிச்சமிருக்கும் கிணறுகளின் தண்ணீர். எல்லாம் போத்தல் போத்தலாக வரும். அளப்பது நாங்கள் இரண்டு பேர், நானும், அக்கா என்று நான் கூப்பிடும் சக ஊழியரும். அக்கா வயதில் என்னைவிட மூன்று வருடம் மூத்தவர். வேலையில் எத்தனை வருடம் மூத்தவர் என்பதை நான் கணக்கிடுவதில்லை, எனக்கு நல்லதல்ல.

மீட்டரை அப்படியே நம்பக்கூடாது. தினமும் காலையில் விடை தெரிந்த கேள்வியைக் கேட்டு அதைச் சோதிக்க வேண்டும். அதற்குத்தான் பஃபர் கரைசல். நான்கு, ஏழு, ஒன்பது சொச்சம் என்று பி.எச். உறுதியாகத் தெரிந்த மூன்று கரைசல்கள். ஒரு சொட்டு அமிலமோ காரமோ தவறி விழுந்தாலும் தன் எண்ணைவிட்டு லேசில் நகராத பிறவிகள். முதல் இரண்டை வைத்து மீட்டரைத் திருத்துவோம், மூன்றாவதை வைத்து அது திருந்திவிட்டதா என்று பார்ப்போம். இவை கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும். எங்கள் முதலாளி வாங்குவதில்லை, அக்கா செய்வதே சுத்தம் என்பார். அது உண்மையும்தான். உப்பை உலர்த்தி, ஆறவிட்டு, மில்லிகிராம் பிசகாமல் நிறுத்து, கொதித்து ஆறிய நீரில் கரைத்து அக்கா குடுவையின் கோடு வரை நிரப்புவதைப் பார்த்தால் குழந்தைக்கு மருந்து ஊற்றுவதுபோல் இருக்கும்.

இத்தனை செய்தும் அறிக்கையில் கையெழுத்து அக்காவுடையது அல்ல. அதற்குத் தனி அங்கீகாரம் வேண்டும். அது இல்லாததால், வாரம் ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து வரும் ஒருவர், அக்கா அளந்த எண்களுக்குக் கீழே தன் பெயரை எழுதிவிட்டுப் போவார். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் போனது. அந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு மதிப்பீட்டாளர் வருவதாக இருந்தது. அவர் முன்னால் அக்கா எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். தேறினால் இனிமேல் கையெழுத்து அக்காவுடையது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆயுதபூசை.

அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் எங்கள் சோதனைக்கூடத்துப் பூசைக்குச் செவ்வந்தி வாங்கி வருவது வருடா வருடம் அவர்தான், நான் வாங்கினால் பாதி வாடியிருக்கும் என்பதால். அன்றும் பூவைக் கொடுத்துவிட்டு, பரீட்சைக்கான பஃபர்களைச் செய்து மூடி வைத்துவிட்டு, சுண்டல் பொட்டலத்தோடு சீக்கிரமே கிளம்பிவிட்டார். நான் பூசாரி ஆனேன். தராசுக்குப் பொட்டு, அடுப்புக்குப் பொட்டு. மீட்டரிடம் வந்தபோது எலெக்ட்ரோட் தன் உப்புக் கரைசல் மூடிக்குள் தலையைப் புதைத்துக் கிடந்தது. முகத்தை மூடிக்கொண்டிருப்பவருக்கு எப்படிப் பொட்டு வைப்பது? மூடியைக் கழற்றினேன். துடைத்தேன். குமிழின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அழகாகத்தான் இருந்தது. ஆயுதங்கள் ஓய்வெடுக்கட்டும் என்று அப்படியே தட்டில் படுக்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எலெக்ட்ரோட் காயக்கூடாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பக்தி வந்தால் படிப்பு போய்விடுகிறது.

திங்கள் காலை அக்காவுக்கு முன்னால் வந்தேன். சந்தனம் ஓடுபோல் இறுகியிருந்தது. அவசரமாகக் கழுவி, மூடியை மாட்டி, ஒன்றும் நடக்காததுபோல் போத்தல்களை அடுக்க ஆரம்பித்தேன். ஏழரைக்கு அக்கா வந்து மீட்டரைத் திருத்தினார். எண் நிற்காமல் ஊர்ந்தது. கடைசியில் மீட்டரின் திறனாக எண்பத்தொரு சதவீதம் காட்டியது. தொண்ணூற்றைந்துக்குக் குறைந்தால் அன்றைக்கு அளக்கவே கூடாது. வேறு எலெக்ட்ரோட் இல்லை. உபரியாக இருந்த ஒன்றை மூன்று வாரத்துக்கு முன்னால் உடைத்த புண்ணியவானும் நான்தான்.

அக்கா மீட்டரைச் சந்தேகப்படவில்லை. தன்னைச் சந்தேகப்பட்டார். வெள்ளிக்கிழமை அவசரத்தில் எடையைத் தப்பாகப் பார்த்தேனோ, நீர் ஆறுவதற்குள் ஊற்றிவிட்டேனோ என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு, மூன்று பஃபரையும் தொட்டியில் கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்யத் தொடங்கினார். சொல்லிவிடு என்றது மனசு. திட்டுவார் என்றது வயிறு. நான் வயிற்றின் பேச்சைக் கேட்கிறவன், பார்த்தாலே தெரியும்.

அக்கா தராசில் உப்பைக் கொட்ட ஆரம்பித்தார். உப்பு தட்டுக்கு வெளியே சிந்தியது. அக்கா சிந்தி நான் பார்த்ததே இல்லை. துடைத்தார். மறுபடியும் சிந்தியது.

“அக்கா, உங்க பஃபர்ல தப்பு இல்ல.”

“பேசாம இருடா. நம்பர் நிக்க மாட்டேங்குது.”

“எலெக்ட்ரோடுக்கு நான் பொட்டு வெச்சிட்டேன்.”

அப்போதுதான் திரும்பினார். “எங்க?”

“மூஞ்சில.”

கரண்டியைக் கீழே வைத்தார். “மீட்டரு பொட்டி அவ்ளோ பெரிசா இருக்கு, அதுல வெக்கலாம். வயர்ல வெக்கலாம். அதுக்கு இருக்குறதே ஒரு கண்ணு, அதுல கொண்டுபோயி அப்பிருக்க.”

எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்று கேட்டார். வெள்ளி சாயங்காலத்திலிருந்து என்றேன். பெரிய திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். வரவில்லை. அக்கா தன் வலது கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப என் கை சரியாத்தான் இருந்திருக்கு,” என்றார், என்னிடம் இல்லை.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான நீர், பிறகு நீர்த்த அமிலம், பிறகு உப்புக் கரைசலில் ஊறல். என் பங்கு தண்ணீர் சுட வைப்பது. “நீ வேற எதையும் தொடாத லா,” என்று சொல்லிவிட்டார். அந்த இடைவெளியில் மூன்று பஃபரும் புதிதாகச் செய்தார். ஒரு துகள் உப்பும் சிந்தவில்லை.

ஆனால் அன்றாடப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டுமே. ‘காரணம் தெரியாத அசுத்தம்’ என்று எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றேன். அக்கா பேனாவை நிறுத்தினார்.

“என் கையெழுத்த நம்புங்கன்னு கேக்கப் போறேன். அதுக்கு முன்னாடி பொய் எழுதச் சொல்றியா?”

சந்தனம் என்றே எழுதினார். யார் பூசினார்கள் என்று எழுதவில்லை.

பத்து மணிக்கு வந்த மதிப்பீட்டாளர் மெல்லிய குரலில் பேசும் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. மெல்லிய குரல்காரர்களிடம்தான் எனக்குப் பயம். முதல் ஒரு மணி நேரம் கோப்புகளைப் பார்த்தார், எலெக்ட்ரோட் அதுவரைக்கும் ஊறியது. பிறகு மீட்டர். திறன் தொண்ணூற்றாறு. மூன்றாவது பஃபரில் எண் சோம்பேறித்தனமாக ஏறியது. அக்கா அவசரப்படவில்லை, அது நிற்கும்வரை நின்றார். ஒன்பது புள்ளி ஒன்று ஏழு. இருக்க வேண்டியது ஒன்பது புள்ளி ஒன்று எட்டு.

அப்புறம் அந்த அம்மா பதிவேட்டைத் திறந்தார். சந்தனம் என்ற இடத்தில் விரலை வைத்து, யார் என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் கையைத் தூக்கினேன். என் ஓட்டை மலாயில், இது கருவிகளுக்கு வருடத்தில் ஒருநாள் செய்யும் மரியாதை என்று விளக்கினேன். சரி, ஏன் கண்ணாடியில் என்றார். அதுதான் அதன் முகம் என்றேன். சிரிக்காமல் இரண்டு வரி எழுதிக்கொண்டார். இனிமேல் பொட்டு மீட்டரின் பெட்டிமேல் மட்டும் என்று வேலைக் குறிப்பில் சேர்க்க வேண்டும், ஊழியர்களுக்கு அதில் பயிற்சியும் தர வேண்டும் என்றார். அந்தப் பயிற்சியை நான்தான் நடத்தினேன். வந்தவனும் நான்தான். வருகைப் பதிவில் கையெழுத்தும் போட்டேன்.

கடிதம் ஆறு வாரம் கழித்து வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மதியம் வரை போத்தல் போத்தலாக அளந்துகொண்டிருந்தார். பிறகு ஓர் அறிக்கையை அச்செடுத்தார். கோப்பெங்கில் திலாப்பியா வளர்க்கும் ஒரு சீனப் பெரியவரின் குட்டைத் தண்ணீர், பி.எச். ஏழு புள்ளி மூன்று. மீன்கள் பிழைக்கும்.

“வாடா, பக்கத்துல நில்லு,” என்றார்.

நின்றேன். சுருக்கமாக ஒரு கையெழுத்து போடுவார் என்று நினைத்தேன். அக்கா தன் பெயரை முழுசாக, அப்பா பெயரையும் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கட்டத்துக்குள் அடங்காமல் கோட்டைத் தாண்டி, தேதி போடும் இடம் வரைக்கும் போய்விட்டது. பாழாகிவிட்டதே, வேறு அச்செடுக்கலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அடுத்த வாரமே கட்டத்தை அகலமாக்கிப் புதுப் படிவம் தயார் செய்தேன். அதில் மட்டும் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.