மாமா மெதுவாகப் போன நாள்

“ஏ மாப்ள, இவளுக்கு எதுக்குக் கடியாரம்? ஆடு என்ன மணி பாத்தா மேயுது?”

நான் பத்தாம் வகுப்பில் தேறியதும் சின்ன மாமா ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். அதைப் பார்த்துப் பெரியப்பா கேட்டது இது. பெரியப்பா கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்ததில்லை. அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் கரிசல் காட்டில் மழையைப் பார்த்து விதைப்பார்கள், வெயிலைப் பார்த்து ஆட்டைத் திருப்புவார்கள். அதற்குமேல் நேரம் என்று ஒன்று தேவைப்பட்டதில்லை. எனவே பெரியப்பா கேட்டதும் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. “மேயுறது ஆடு மச்சான், பிள்ள இல்ல” என்று சொல்லிவிட்டு என் கையில் அதைக் கட்டிவிட்டார்.

அந்தக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. சிறிய வட்ட முகம், வெளிறிப்போன பழுப்புத் தோல்வார். கண்ணாடிக்கு உள்ளே, ஒன்பதுக்குக் கீழே, மை கசிந்ததுபோலக் கொஞ்சம் கறுப்புப் புழுதி இருக்கிறது. விருதுநகரில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் திறந்து துடைத்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். அந்தப் புழுதி எங்கே, எந்த நாளில் உள்ளே புகுந்தது என்று எனக்குத் தெரியும்.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. ஆட்டு வியாபாரம் செய்தார். நரிக்குடியைச் சுற்றிய ஊர்களில் ஆடு பிடித்து, மோட்டார் சைக்கிளில் அருப்புக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவார். வண்டியின் பின்னால் ஒரு மரச்சட்டம் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் தொங்கும் சாக்குகளிலிருந்து ஆட்டுத் தலைகள் வெளியே எட்டிப் பார்க்கும். கண்மாய்க் கரை, ஓடை மணல், மல்லி பிடுங்கிய காடு, சீமைக் கருவேலத்துக்கு நடுவே ஆட்டுத்தடம், எல்லாமே அவருக்கு ரோடுதான். எங்கும் ஒரே வேகம். தூரத்தில் புழுதி எழுந்தாலே “உன் தம்பி வாரான்” என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிடுவார். பரீட்சை நாளில் பஸ் வராமல் போனபோது அவர்தான் என்னைத் திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவள், பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். “வண்டின்னா காத்து அடிக்கணும் தாயி, வேர்வ அடிக்கக் கூடாது” என்பார்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், நான் அருப்புக்கோட்டைக் கல்லூரியில் கணிதம் சேர்ந்த வருடம், மாசி மாதத்தில் எங்கள் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் வந்தது. தார் ரோட்டில் நடப்பதல்ல. அருப்புக்கோட்டையில் தொடங்கி திருச்சுழி, பரளச்சி, நரிக்குடி என்று காட்டு வழியாகவே கடற்கரை வரை போய், மறுநாள் வேறு வழியில் திரும்ப வேண்டும். வெளியூர்க்காரர்கள் நடத்தினார்கள், ஓட்டப்போகிறவர்களும் வெளியூர்க்காரர்கள். சந்தையில் இந்தச் செய்தியைக் கேட்ட மாமா அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு வந்தார். ஊர் முழுக்கத் திருவிழாக் களை வந்துவிட்டது. எங்கள் ஊருக்குப் பந்தயம் என்றால் மாட்டு வண்டிப் பந்தயம்தான். கொடி அசைந்ததும் எல்லா வண்டியும் சேர்ந்து பாயும், எது முந்துகிறதோ அதற்குப் பரிசு. பெரியப்பாவே பந்தய மாடு வைத்திருந்தவர், ஓடவிட்டுப் பரிசுத் துண்டு வாங்கியவர். மோட்டார் வண்டியும் அப்படித்தான் என்று அவர் சொன்னார், எல்லோரும் நம்பினோம். மாமாவும் நம்பினார். “திருச்சுழிக்கு மொதல்ல நம்ம வண்டிதான் போய் நிக்கும். இல்லாட்டி நான் இந்த வண்டியத் தொடமாட்டேன்” என்று டீக்கடையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

தொடக்க நாள் காலையில் ஊர்க்காரர்கள் டிராக்டர் டிரெய்லரில் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்தார்கள். நானும் அதில்தான் வந்தேன். ஊருக்கு வெளியே, திருச்சுழி ரோட்டோரம் ஒரு பொட்டலில் மூங்கில் வளைவும் பந்தலும் கட்டி, துணித் தோரணம் போட்டு, மைக் செட் வைத்திருந்தார்கள். வரிசையாக வண்டிகள் நின்றன. ஓட்டுபவர்கள் முழங்கால் வரை பூட்ஸும் கையுறையும் தலைக்கவசமுமாக இருந்தார்கள். அந்த வரிசையில் எங்கள் மாமாவின் வண்டி எப்படி வந்து நின்றது தெரியுமா? ஆயுத பூஜைக்கு நிற்பதுபோல நின்றது. ஹாண்டில்பாரில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, சாமந்தி மாலை, விளக்குக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பந்தயக்காரர்கள் கொடுத்த ‘பதினேழு’ என்ற தகரத்தின் மேலும் பெரிதாக ஒரு திருநீற்றுப் பட்டை. மரச்சட்டத்தைக் கழற்றியிருந்தாலும் ஆட்டு வாசனை போகவில்லை. பக்கத்து வண்டிக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். மாமா அவரைப் பார்த்துச் சிரித்தார். இரவல் பேண்ட்டும் புதிய கேன்வாஸ் ஷூவும் போட்டிருந்தார். ஷூ கடிக்கிறது என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

மைக்கில் ஒருவர் விதிகளை இங்கிலீஷில் வாசிக்கத் தொடங்கினார். மழை மாதிரி பேசினார். அவர் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு வாக்கியம் காதில் விழுந்து, கை பாதியில் நின்றுவிட்டது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நேரம் குறித்திருக்கிறது, பிந்தி வருகிறவருக்கு மார்க் குறையும், முந்தி வருகிறவருக்கும் அதைப்போலக் குறையும். இதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் சரியாகத்தான் புரிந்ததா? கல்லூரியில் வாத்தியார்கள் இங்கிலீஷில் நடத்தியதைப் பல மாதங்கள் ஒரு சொல்கூட விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அப்போதுதான் மெல்லப் பிடிபடத் தொடங்கியிருந்தது. நான் தப்பாகக் கேட்டிருந்தால் மாமா என் பேச்சை நம்பி ஊர் முன்னால் தோற்றுப்போவார். சரியாகக் கேட்டிருந்து சொல்லாமல் விட்டாலும் தோற்பார்.

பெரியப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “முந்திப் போனா தப்பாமா? எந்த ஊரு நியாயம்த்தா இது? புத்தகத்தப் படிச்சுப் படிச்சுப் பிள்ளைக்கு மண்ட காஞ்சுபோச்சு. பேசாம நில்லு.”

நான் நிற்கவில்லை. பந்தலுக்குள் மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு அந்நிய ஆளிடம் இங்கிலீஷில் நானாகப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கேள்வியை மனதுக்குள் மூன்று நான்கு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மேசைக்கு முன் நின்றதும் பாதி மறந்துவிட்டது. மிச்சத்தைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, சொல் சொல்லாக நிறுத்தி விளக்கினார். முதல் பகுதி ஊர்களுக்குள்ளே போகிறது, ஆடு மாடு பிள்ளைகள் நடமாடும் இடம், அதனால் வேண்டுமென்றே நேரம் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள். வழியில் மறைவான இடங்களில் ஆட்கள் நின்று நேரம் குறிப்பார்கள். பாய்ந்து போய் ஓரிடத்தில் காத்திருந்தாலும் பிடிபட்டுவிடும். சீராகப் போகிறவருக்குத்தான் மார்க். கடைசியில், “நீ ஓட்டப்போகிறாயா?” என்று கேட்டார். “இல்லை, என் மாமா” என்றேன். அந்த ‘இல்லை’ வாயிலிருந்து வந்தபோது ஏனோ எனக்கே பிடிக்கவில்லை.

மாமாவிடம் ஓடினேன். முன்னால் சில வண்டிகள் ஏற்கெனவே ஒவ்வொன்றாகப் புறப்பட்டிருந்தன. கேட்டு வந்ததை அப்படியே சொன்னேன்.

“நெசமாவா தாயி?”

“நெசம் மாமா. நானே போய்க் கேட்டுட்டு வாரேன்.”

“அந்தக் கண்ணாடிக்காரர்ட்டயா? இங்கிலீசுலயா?”

“இங்கிலீசுலதான்.”

அவர் பந்தலைப் பார்த்தார். பிறகு டிரெய்லரில் நின்று கத்திக்கொண்டிருந்த ஊரைப் பார்த்தார். டீக்கடையில் சொன்ன வார்த்தை அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து நேரம் குறித்த அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். “திருச்சுழிக்கு எதுக்கு இவ்வளவு நேரம்னு நானும் யோசிச்சேன். நம்மள மட்டமா நெனச்சுட்டாகன்னு நெனச்சேன்” என்றார். எண்களை அவருக்கு வாசிக்கத் தெரியும், மணி பார்க்கவும் தெரியும். ஆனால் அவரிடம் கடிகாரம் இல்லை. நான் கழற்றிக் கொடுத்தேன். வார் அவர் மணிக்கட்டைச் சுற்றி வரவில்லை. வாழைக்கன்றையும் மாலையையும் அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, ஹாண்டில்பாரின் நடுவில் கடிகாரத்தை வைத்து, என் சடையிலிருந்து உருவிய ரிப்பனால் இறுக்கிக் கட்டினார். எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுக்கவில்லை. “அது இருக்கட்டும். அதுக்கு மணி கெடையாது” என்றார்.

கொடி இறங்கியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. மாமா புறப்பட்டார், அவர் வாழ்க்கையில் ஒருபோதும் போகாத வேகத்தில். கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் போகிறவர் மாதிரி நிதானமாக, முதுகு நிமிர்ந்து, டிரெய்லரைக் கடந்து போனார். புழுதிகூடச் சரியாக எழவில்லை. அவருக்குப் பின்னால் புறப்பட்டவர்களில் ஒருவர் சீறிக்கொண்டு போனதும் எங்கள் ஆட்கள் பொறுமையிழந்தார்கள்.

“ஏலே, முறுக்குலே! பொண்ணழைப்புக்கா போற?”

“பின்னால ஆடு கெடக்குன்னு நெனச்சுக்கிட்டான்போல. எறக்கிவிட்டாச்சுன்னு சொல்லுங்கப்பா!”

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. கடிகாரத்தை ஒருமுறை குனிந்து பார்த்தார். அவ்வளவுதான். கருவேலங்காட்டுத் திருப்பத்தில் அந்த முதுகு மறையும்வரை நான் வாழைக்கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதையில் ஒரு பள்ளம் வந்தால் தாண்டிக் குதிக்கும் ஆள், ஊர் முழுவதும் கேலி செய்யக் கேட்டுக்கொண்டு, நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக அப்படிப் போனார். கல்லூரியில் பிற்பாடு எனக்கு மெடல் கொடுத்தார்கள். அன்று அந்தப் பொட்டலில் நின்றபோது இருந்த நெஞ்சு நிமிர்வு மெடலுக்கு வரவில்லை.

பெரியப்பா மட்டும் என் பக்கமே திரும்பவில்லை. “பிள்ள ஓதிக் கெடுத்துப்பிட்டா” என்று யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது. கொண்டுவந்த புளிச்சோற்றை எல்லோரும் தின்றார்கள். நான் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியபோது பந்தலில் இருந்த ஒயர்லெஸ் கரகரத்தது. மைக் பிடித்தவர் அதைக் கேட்டு மறுபடி இங்கிலீஷில் படபடவென்று சொன்னார். அதில் எங்கள் எண் வந்தது. நான் எழுந்துவிட்டேன். ஊரும் எழுந்தது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“என்னத்தா சொல்றான்?” என்று கேட்டவர் பெரியப்பா.

“திருச்சுழியத் தாண்டின வண்டிகள்ல மார்க்கு கொறையாமப் போனது கொஞ்ச வண்டிதானாம் பெரியப்பா. அதுல நம்ம பதினேழும் ஒண்ணு.”

“மொதல்ல போனவன்?”

“அவுகளுக்குத்தான் ரொம்பக் கொறஞ்சுருச்சாம்.”

டிரெய்லர் மேல் எழுந்த கூச்சலில் மைக் சத்தம் அமுங்கிப்போனது. பெரியப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “மணி என்னத்தா ஆச்சு?” என்றார். அவர் என்னிடம் மணி கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வெறும் கையைத் தூக்கிக் காட்டினேன். “அது மாமாகூடப் போயிருச்சு பெரியப்பா.”

மறுநாள் மாமா கோப்பையோடு திரும்பினார் என்று எழுத ஆசைதான். கடற்கரை மணல் அவருக்குப் பழக்கமில்லாதது. இரண்டு இடங்களில் வண்டி புதைந்து நேரம் போய்விட்டது. நடுவில் எங்கோ ஒரு இடம் கிடைத்தது. ஆனால் முழுத் தூரத்தையும் ஓட்டி முடித்துத்தான் வந்தார். கடிகாரத்தை அவிழ்த்துக் கொடுக்கும்போது கண்ணாடிக்குள் புழுதி இருந்தது. “பரளச்சிக் கரிசலு தாயி. நம்ம காட்டுக்குள்ள நொழையுறப்பதான் காத்து அடிச்சுச்சு. முறுக்கலாமான்னு தோணுச்சு. மணியப் பாத்தேன், விட்டுட்டேன்” என்றார்.

இப்போது நான் நரிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலைக்குப் போவதும் வருவதும் மாமாவின் அதே பழைய வண்டியில்தான். அவரே ஓட்டப் பழக்கினார், லைசென்ஸும் எடுத்துவிட்டேன். சேலையைச் செருகிக்கொண்டு நான் கண்மாய்க் கரையில் போவதைப் பார்த்துப் பெரியப்பா முகத்தைச் சுளிப்பார். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் “அந்தா போறது எங்க வீட்டுப் பிள்ள” என்று சொன்னதாகவும் கேள்வி. பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் பந்தயம் இந்த மாசியில் மறுபடி அருப்புக்கோட்டையில் தொடங்குகிறது. இந்த முறை ஒரு வண்டியில் இரண்டு பேர் போகலாம் என்று சொன்னார்கள். போன வாரம் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். ஓட்டுபவர் நான். பின்னால் உட்காருபவர் மாமா.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமாவுக்குச் சிரிப்பும் ரோஷமும் சேர்ந்து வந்தன. “ஏ தாயி, நீ ஓட்டுற. பின்னால உக்காந்து நான் என்னத்தப் பண்ண?”

கடிகாரத்தைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“நீங்க மணி பாத்துச் சொல்லுங்க மாமா.”