அரக்குச் சாயம் ஓடிய கால்வாய்

எழுபத்து மூன்றாம் வருஷம் நான் காஞ்சிபுரம் நகராட்சியில் குமாஸ்தா. முனிரத்தினத்துக்குச் சுகாதாரப் பிரிவில் வேலை. விடிந்ததும் சாயப்பட்டறைகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாயோரம் நடப்பார். அங்கங்கே கயிறு கட்டிய பாட்டிலை இறக்கித் தண்ணீர் மொண்டு, என் மேஜைக்குக் கொண்டுவருவார். நான் பட்டறையின் பெயரை எழுதி ஒட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவேன்.

பட்டுக்குச் சாயம் போட்ட தண்ணீரை அப்படியே வெளியே விடக்கூடாது, சுண்ணாம்பு போட்ட குழியில் மூன்று நாள் நிறுத்தித் தெளிந்த பிறகே விடவேண்டும் என்று அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது. மீறினால் பட்டறைக்குப் பதினைந்து நாள் பூட்டு.

மனிதருக்கு அந்தக் கால்வாய்மேல் ஒரு கிறக்கம். முன்னெல்லாம் அதில் ஓடிய நிறங்களை வாய் ஓயாமல் சொல்வார். "காலையில மாம்பழ கலர்ல போவும் சார். வெயில் ஏறினா மயில்கழுத்து. பாத்தா சொர்க்கம், குடிச்சா நரகம்." பனிக்குள் அவர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், கூப்பிடவே மனசு வராது. கனவிலும் கலர் கலராகத் தண்ணீர்தான் ஓடுகிறது என்பார். "கனவுக்கும் லேபிள் ஒட்டட்டுமா?" என்று கிண்டல் செய்வேன்.

அவருக்கு ஒரே மகள், வள்ளி. ஒரு நெசவுக்காரர் வீட்டில் ஆறு வருஷம் தறிக்கு ஊடை நூல் சுற்றும் தார் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு அரக்குப் பட்டு நெய்து தருகிறேன் என்று அந்த நெசவுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீடு ஐயம்பேட்டைப் பக்கம், கால்வாய் போய்ச் சேரும் இடத்தில். கால்வாயோரக் கிணறுதான் அங்கே குடிதண்ணீர்.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் கால்வாய் முழுக்க அரக்கு நிறமாக ஓடியது. முனிரத்தினம் அந்த நிறம் வந்த வழியே நடந்து கண்ணாயிரம் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார். கண்ணாயிரம் சிரித்த முகமாக வெளியே வந்தார்.

"உம் பொண்ணு பட்டுதான்பா! நெசவுக்காரரு நூலு குடுத்தனுப்பினாரு. இன்னிக்கு நாள் நல்லா இருக்குதுன்னு தொட்டியில எறக்கிட்டேன். கல்யாணப் பட்டு முக்கின தண்ணிய தேக்கி வெச்சா ஆவாது. ஓட வுட்டாதான் பொண்ணு வாழ்க்கை ஓடும், எங்கப்பா காலத்துலேருந்து வழக்கம். அதான் தொறந்து வுட்டேன்."

"இது எங்க போவும் தெரியுமா?"

"எங்க போவும்? கீழ போவும்."

"கீழதான்பா அவ வாக்கப்படற வூடு இருக்குது."

சொல்லிவிட்டு முனிரத்தினம் பாட்டிலை இறக்கினார்.

விஷயம் தெரிந்ததும், "பாட்டில் கை தவறி உடைஞ்சுபோச்சுன்னு எழுதிடறேன்" என்று நான்தான் சொன்னேன். பெரிய புத்தி சொல்லிவிட்டதாக நினைப்பு. இப்போதும் அதை நினைத்தால் கூசுகிறது. அவர் கோபப்படவில்லை. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே சிவப்பு மெல்லச் சுழன்றது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அழகா இருக்குது இல்ல சார்? இதைத்தான் அவ கொடத்துல மொள்ளுவா. பேரை எழுதுங்க."

அன்றைக்கே பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. பதினைந்து நாள் கழித்துத் திறந்தபோது பட்டு தொட்டியிலேயே கிடந்து திட்டுத்திட்டாக வீணாகியிருந்தது.

"ஆறு வருஷமா ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் தார் சுத்தினேன் நைனா. எனக்குன்னு ஒண்ணு வந்தா, அதுக்கு நீயே பூட்டு போடுவியா?" என்று கேட்ட வள்ளி, அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். மஞ்சள் நனைத்த நூல்புடவையில் மணையில் உட்கார்ந்தாள். புறப்படும்போதும் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மகளைப் பார்க்கப் போனவர், தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிப்போனார். கால்வாயோரமே நடந்தோம். தண்ணீருக்கு நிறமே இல்லை, வானத்து மேகம்தான் அதில் போய்க்கொண்டிருந்தது. வள்ளி கிணற்றடியில் இருந்தாள். எங்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. வாளியில் தண்ணீர் சேந்தி, உள்ளே போய்க் கண்ணாடித் தம்ளர் எடுத்துவந்து, ஊற்றி அப்பாவிடம் நீட்டினாள்.

பழக்கதோஷம், முனிரத்தினம் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னா நைனா, கலர் இருக்குதா?"

"இல்லமா."

"அப்ப குடி."

குடித்தார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்காமல், இன்னொரு தம்ளர் கேட்டார்.